சுடாத குண்டுக்கு ஒன்பது புள்ளி நாலு

அந்த ரேஞ்சில் அவளுக்குப் பெயர் சிலை. துப்பாக்கியைத் தோளில் வைத்து நின்றாளானால், மூச்சு விடுகிறாளா இல்லையா என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சிலை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பூசாரி வேண்டாமா? அவள் புருஷனுக்குப் பூசாரி என்று பெயர் விழுந்தது. அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆளா அவர்! துப்பாக்கிப் பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அவளுடைய விறைத்த கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க, சாமி வருது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். மொத்த ரேஞ்சும் சிரிக்கும்.

"புருஷன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்து லேன் பெண்கள் அவள் காதுபடச் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு வேறு. அவரவர் வீட்டு ஞாபகம் வந்திருக்கும், பாவம். ரேஞ்சைப் பார்த்துக்கொள்கிற பெரியவருக்குக் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் பெயரே விசில் ஆகிவிட்டது. அவர் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார்: "ஏம்மா, சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்பாங்க. உன் பூசாரியை நல்லாக் கையில போட்டு வெச்சுக்கோ." எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பூசாரிதான்.

நாசமாய்ப் போன சிரிப்பு. நினைத்தால் வயிறு எரிகிறது.

ரேஞ்ச் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் கம்பளக் கிடங்காக இருந்த நீளக் கூடம். ஜன்னல் கிடையாது. கூரையில் வரிசையாகக் குழல் விளக்குகள், தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு, மூலையில் காற்றுத் துப்பாக்கிகளின் உருளைகளுக்குக் காற்றடைக்கிற இயந்திரம் ஓயாமல் இருமிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் எட்டு லேன், பத்து மீட்டர் தள்ளி அந்தப் பக்கம் எட்டு இலக்கு. ஒவ்வொரு லேனுக்கும் ஒரு சின்னத் திரை உண்டு. மிளகு அளவுக் குண்டு போய் இலக்கில் பட்டதும், எந்த இடத்தில் பட்டது, எத்தனை புள்ளி என்று திரையில் வந்துவிடும். நட்டநடுவில் பட்டால் பத்து புள்ளி ஒன்பது. அதற்கு மேல் கடவுளே வந்து சுட்டாலும் கிடையாது.

அவள் வேலை பார்த்தது ஒரு கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை இருட்டறையில் உட்கார வைத்து, மூக்கில் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. அவர்கள் சொல்வதைத்தான் அவள் எழுத வேண்டும். யாராவது பொய் சொல்வார்களா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. தன் கண்ணைப் பற்றி எவனாவது பொய் சொல்வானா?

அவள் புருஷன் குளிர்பெட்டி, ஏசி பழுது பார்க்கிறவர். கைவேலைக்காரர், வாய் அதைவிடக் கெட்டி. சாயங்காலம் அவள் கடை மூடுகிற நேரத்துக்கு வண்டியோடு வந்து நிற்பார். ரேஞ்சில் அவள் சுடும் நேரமெல்லாம் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எத்தனை வருஷமாக! ஒருநாள்கூட "நேரமாச்சு, கிளம்பு" என்று சொன்னதில்லை.

அங்கே பயிற்சி கொடுத்த அம்மாளை எல்லோரும் கோச்சம்மா என்பார்கள். வாயைத் திறந்தால் திட்டித் தீர்க்கிற அம்மாள், ஆனால் கற்றுக்கொடுப்பதில் கஞ்சத்தனம் கிடையாது. அவர் வைத்த ஒரு பயிற்சிக்குச் 'சொல்லிச் சுடுறது' என்று பெயர்.

"குண்டு கிளம்புற நொடியில துப்பாக்கி எங்க பார்த்துச்சுன்னு உன் கண்ணுக்கும் கைக்கும் தெரியும்," என்பார் கோச்சம்மா. "திரையைப் பார்த்துப் பார்த்து நீங்க அதை மறந்துடுறீங்க. திரையைப் பின்பக்கமாத் திருப்பி வைங்க. சுட்டதும் எங்க போச்சுன்னு நீங்களே வாய் திறந்து சொல்லணும். பின்னால ஒருத்தர் உட்கார்ந்து, திரையைப் பார்த்து உண்மையைச் சொல்லட்டும். போகப் போக ரெண்டும் ஒண்ணாகும். ஒண்ணாயிடுச்சுன்னா அப்புறம் உங்களை ஒருத்தராலயும் அசைக்க முடியாது."

மற்றவர்கள் ஜோடி தேடினார்கள். அவளுக்கு எதற்கு ஜோடி? "நான் சும்மாத்தானே குந்தியிருக்கேன், நான் சொல்றேன்" என்றார் பூசாரி.

ஆரம்பத்தில் அது அவ்வளவு அழகாக இருந்தது. அவள் "பத்து புள்ளி நாலு, வலது ஓரம்" என்பாள். பின்னாலிருந்து, "பத்து புள்ளி நாலு. வலது. அடி சக்கை!" என்பார் அவர். பத்துக் குண்டில் எட்டு ஒன்பது அவள் சொன்ன இடத்திலேயே கிடந்தன. கோச்சம்மாவே ஒருநாள் வந்து நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அந்த அம்மாளிடம் அது பெரிய பாராட்டு.

அப்புறம் தேர்வுப் போட்டி அறிவிப்பு வந்தது. அணியில் பெண்களுக்கு ஒரே ஒரு இடம். கிடைத்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் வேறு ஊரில், முகாமில் தங்கி இருக்க வேண்டும். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. இந்த முறை விட்டால் அடுத்தது கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், ரேஞ்சுக்கும் தெரியும். அன்றைக்குப் பூசாரி வரிசையாக எல்லா லேனுக்கும் போய், "என் பொண்டாட்டி போறா பாருங்க" என்று சொல்லிக் காபி வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது தொடங்கியது.

"பத்து புள்ளி அஞ்சு. நடு," என்றாள் அவள்.

"இல்லம்மா," என்றார் அவர். "ஒன்பது புள்ளி எட்டு. இடது."

"இடதா? நடுவுலதானே விட்டேன்."

"நானும் நடுன்னுதான் நினைச்சேன். திரை அப்படிச் சொல்லுது. விடு, அடுத்தது பார்ப்போம்."

அந்தக் குரலில் எவ்வளவு வருத்தம், எவ்வளவு கரிசனம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் அழுவது ஓநாய் என்று ஆட்டுக்குத் தெரிய வேண்டுமே.

இடது, இடது என்று கேட்டுக் கேட்டு, அவள் குண்டு வலது பக்கம் நகரட்டும் என்று, கண் வைத்துக் குறி பார்க்கிற குறித்துளையின் திருகை வலது பக்கம் திருப்பினாள். அப்புறமும் இடது என்றார். இன்னும் திருப்பினாள். மாதப் போட்டியில் திரை அவள் பக்கம் பார்த்து நின்றது. முதல் குண்டே வலது பக்கம் எங்கோ ஓரமாகக் கிடந்தது. கை நடு என்றது, வீட்டுக்காரர் இத்தனை நாளும் இடது என்றார், திரையோ வலது என்றது. யாரைத்தான் நம்புவது? பதறிப்போய்த் திருகை இப்படியும் அப்படியும் திருப்பி, கடைசியில் இதுவரை சுடாத அளவுக்கு மட்டமாகச் சுட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் அவர் சொன்னார்: "போட்டின்னா உனக்குப் பதட்டம். பயந்து வலது பக்கம் இழுக்குற. சும்மா நின்னா இடது போகுது. கை உன் பேச்சைக் கேட்க மாட்டேங்குதும்மா." அதுவும் சரியாகத்தான் பட்டது.

அவள் கட்டின புருஷனை நம்பினாள், தன் கையைச் சந்தேகப்பட்டாள்.

கண்ணையும் சந்தேகப்பட்டாள். கடையில் கூட வேலை பார்க்கிற பெண்ணை உட்கார வைத்துத் தன் கண்ணைப் பார்க்கச் சொன்னாள். ஒரு குறையும் இல்லை என்றாள் அந்தப் பெண். மறுவாரம் மறுபடி பார்க்கச் சொன்னாள். "அக்கா, உங்க கண்ணை வெச்சு ஊசி கோக்கலாம், பேசாம போங்க" என்று அவள் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நன்றாக இருந்தால், கை நன்றாக இருந்தால், பிறகு கெட்டுப்போனது எது? ராத்திரி படுத்தால் கண்ணை மூடினாலும் கறுப்பு வட்டம்தான் வரும். நடுவில் விட்டதாக நினைப்பாள். "இடது" என்று ஒரு குரல் கேட்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளாகவே சொன்னாள். "நான் போட்டிக்குப் போகலைங்க. போய் அசிங்கப்பட வேண்டாம். நாளைக்குக் கோச்சம்மாகிட்ட சொல்லிடறேன்."

அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெந்நீர் வைத்துக் கொடுத்தார். தைலம் எடுத்து அவள் தோளில் தேய்த்துவிட்டார். "உன் இஷ்டம். நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் உன் பக்கம்தான்," என்றார். அவள் அவர் மடியில் தலை வைத்து அழுதாள். இப்படி ஒரு மனுஷன் கிடைத்ததற்கு என்ன புண்ணியம் செய்தேனோ என்றுகூட நினைத்தாள். அதை நினைத்தபோதுதான் பின்னாளில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் சனிக்கிழமை. தேர்வுப் போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. ரேஞ்ச் மூடுவதற்குள் வருகிறாளா இல்லையா என்று கோச்சம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். கோச்சம்மா கடைசி லேனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒரு சுற்று சுட்டுட்டுப் போய்ச் சொல்றேன்," என்றாள்.

"தாராளமா," என்றார் பூசாரி. திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அவளிடம் பத்துக் குழி வைத்த ஒரு சின்ன மரத்தட்டு உண்டு. அவரே செதுக்கிக் கொடுத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பத்துக் குழியிலும் பத்துக் குண்டு வைப்பாள். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுப்பாள். தட்டு காலியானால் சுற்று முடிந்தது என்று அர்த்தம்.

சுட ஆரம்பித்தாள். ஒன்பது புள்ளி ஆறு, ஒன்பது புள்ளி மூணு, ஒன்பது புள்ளி எட்டு என்று பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. எல்லாம் இடது. அவள் மனசு எப்போதோ விட்டுப்போயிருந்தது, கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது. நடுவில் ஒருமுறை, குண்டு போடுவதற்காகத் துப்பாக்கியின் நெம்புகோலை இழுத்துத் திறந்தபோது விசில் வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டிம்மா?" என்று கேட்டுவிட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நெம்புகோலை மூடி, துப்பாக்கியைத் தூக்கி, விசையை அழுத்தினாள். ஏதோ லேசாக, சப்பென்று இருந்தது. காதில் பஞ்சு அடைப்பான், பக்கத்து லேன்களில் டப் டப் என்று சத்தம், எதையும் சரியாகக் கேட்க முடியவில்லை.

"இது ஒரு மாதிரி இருந்துச்சுங்க. எங்க போச்சுன்னே தெரியலை," என்றாள்.

"ஒன்பது புள்ளி அஞ்சு. இடது, கொஞ்சம் கீழ," என்றார் அவர். "மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

இன்னும் சில குண்டுகள் போயின. "பத்தாச்சு. அவ்வளவுதான்," என்றார்.

துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தட்டை எடுக்கக் கை நீட்டினாள். கடைசிக் குழியில் ஒரு குண்டு உட்கார்ந்திருந்தது.

எண்ணிக்கை தப்பியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒன்பது சுட்டதைப் பத்து என்று எண்ணியிருப்பார். மனுஷர்தானே. ஆனால் விரலை அந்தக் குண்டின் மேல் வைத்தபோது அவளுக்கு அந்தச் சப்பென்ற ஒன்று ஞாபகம் வந்தது. விசில் வந்து பேசியபோது அவள் குண்டு போடவில்லை. வெறும் காற்றைத்தான் சுட்டிருக்கிறாள். காற்று இலக்கில் படாது. திரையில் ஒன்றும் வராது.

அப்படியென்றால் ஒன்பது புள்ளி அஞ்சு எங்கிருந்து வந்தது?

பழைய குண்டின் புள்ளியையே பார்த்துத் தெரியாமல் சொல்லிவிட்டாரோ? அவளும் அவருக்காகத்தான் முதலில் வக்கீலாக நின்றாள். ஆனால் அதற்கு முந்தைய குண்டுக்கு அவர் சொன்னது ஒன்பது புள்ளி எட்டு. திரையில் இருந்ததைப் படித்திருந்தால் மறுபடியும் ஒன்பது புள்ளி எட்டு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

"என்னம்மா, போய்ச் சொல்லிட்டு வர்றியா?" என்றார் பின்னாலிருந்து.

"இன்னொரு சுற்றுங்க. மனசு ஆறலை," என்றாள். குரல் நடுங்காமல் எப்படி வந்ததோ, அவளுக்கே தெரியாது.

தட்டில் பத்துக் குழியையும் நிரப்பினாள். நெம்புகோலை இழுத்தாள். தட்டில் விரலை வைத்து எடுக்கிற மாதிரி எடுத்தாள், போடுகிற மாதிரி போட்டாள், மூடினாள். விரலில் ஒன்றும் இல்லை. துப்பாக்கியைத் தூக்கி, கன்னத்தை வைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, முழு ஒழுங்கோடு வெறும் காற்றைச் சுட்டாள்.

"பத்து புள்ளி ஏழு," என்றாள். "நடு."

"ஒன்பது புள்ளி நாலு," என்றார். "இடது, கீழ."

பக்கத்துச் சுவரோரம் விசில் உட்காருகிற கண்ணாடி அறை இருந்தது. இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடியை அவள் பார்த்ததே இல்லை. சுடுகிறவள் ஏன் பார்க்கப் போகிறாள்? இப்போது துப்பாக்கியை இறக்கும்போது பார்த்தாள். கண்ணாடியில் அவர் தெரிந்தார். கால் மேல் கால். குனிந்த தலை, கையில் போன், கட்டைவிரல் ஏதோ விளையாட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. திரை அவர் முன்னால் சும்மா நின்றது.

அடப்பாவி! பொய் சொல்வதற்காவது ஒருதரம் நிமிர்ந்து பார்க்கக் கூடாதா? பொய்க்குக்கூட மரியாதை இல்லாமல் போய்விட்டதா?

இரண்டாவது. காற்று. "பத்து புள்ளி ஒன்பது," என்றாள் வேண்டுமென்றே.

"எங்கம்மா... ஒன்பது புள்ளி ரெண்டு. இடது," என்றார், தலையைத் தூக்காமல்.

மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி தயாராக வந்தது. நடுவில் ஒன்றுக்குப் பத்து புள்ளி ஒன்று என்று பிச்சை போட்டார், "பாரு, இது பரவாயில்ல" என்று ஊக்கம் வேறு. இத்தோடு நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள். அடுத்ததற்காவது நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதென்ன, திரையில ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை. நம்புங்கள், அந்தப் பத்துக் காற்றையும் அவள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சுட்டாள். அது வரவில்லை.

"பத்தாச்சு," என்றார். "போதும்மா. உடம்பைக் கெடுத்துக்காத."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில், போனின் மேலேயே வைத்தாள். பத்துக் குழியிலும் பத்துக் குண்டு இருந்தது.

அவர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகுதான் திரையைப் பார்த்தார். திரையில் புதிதாக ஒன்றும் இல்லை.

"என்ன இது," என்று சிரித்தார். சிரிப்புதானே அவருக்கு எப்போதும் கைவசம் இருந்தது. "விளையாடுறியா?"

"நான் ஒண்ணும் சுடலைங்க. பத்துக்கும் நீங்க புள்ளி சொன்னீங்க."

"அது... போனைப் பார்த்துட்டே ஏதோ..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. எவ்வளவு நாளா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்து லேன் பெண் காது அடைப்பானோடு நின்றிருந்தாள், ஒன்றும் கேட்டிருக்காது. "மெதுவாப் பேசு," என்றார்.

"எவ்வளவு நாளா?"

"உனக்காகத்தான்மா," என்றார். "போய்க் கஷ்டப்படுவ. அங்க சின்னச் சின்னப் பொண்ணுங்க வருவாங்க. தோத்துட்டுத் திரும்பி வந்தா உன் மனசு தாங்குமா?"

"எனக்காக என் கண்ணையே என்னை நம்பவிடாம பண்ணீங்களா?" என்றாள். "ராத்திரி ராத்திரி அழுதேனே, பக்கத்துலதானே படுத்திருந்தீங்க? கண்ணு போச்சு, கை போச்சுன்னு நான் பைத்தியம் மாதிரி அலைஞ்சேனே. தைலம் தேய்ச்சு விட்டீங்களே! எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவர் தட்டிலிருந்த குண்டு ஒன்றை எடுத்து விரலால் உருட்டினார். பிறகு சொன்னார்: "அந்த வீட்டுல நான் ஒரு வருஷம் தனியா என்ன பண்ணுவேன்? போகாதன்னு சொன்னா ஊரே என்னைக் காறித் துப்பும். பொண்டாட்டி முன்னேறுறது பொறுக்கலைம்பாங்க. அதான்... நீயே வேண்டாம்னு சொல்ற மாதிரி இருந்தா யாருக்கும் கெட்ட பேரு இல்லைன்னு..."

"ஒரு வார்த்தை," என்றாள் அவள். "போகாதடின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேனே."

அது உண்மை. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டாவது, "நீ இல்லாம என்னால முடியாது, போகாத" என்று சொல்லியிருந்தால், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் சரி என்றிருப்பாள். அவ்வளவு பிரியம் வைத்திருந்தாள் அந்த மனுஷர் மேல். கேட்டால் கிடைத்திருக்கக்கூடியதைக் கூட இருந்தே குழி பறித்து எடுக்கப் பார்த்தார்.

கோச்சம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன, புருஷனும் பொண்டாட்டியும் மாநாடு? நாளைக்கு என்ன முடிவு?"

"நான்..." என்று ஆரம்பித்தாள்.

"போன வாரமே உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார், நீ வர்றதா இல்லைன்னு," என்றார் கோச்சம்மா. "உன் வாயால கேட்காம பேரை எடுக்க மாட்டேன்னு நான்தான் வெச்சிருக்கேன்."

போன வாரம்! அவள் முடிவெடுத்ததே நேற்றுச் சாயங்காலம். அவள் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன மிச்சம் இருந்தது?

"நான் வர்றேன்," என்றாள். "ஆனா இப்ப ஒரு உதவி பண்ணுங்க. அந்த நாற்காலியில நீங்க உட்காருங்க. ஒரே ஒரு குண்டு."

கோச்சம்மா அவள் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். விவரம் தெரிந்த பொம்பளை, ஒன்றும் கேட்கவில்லை. பூசாரி எழுந்து இடம் விட்டார். எங்கே நிற்பது என்று தெரியாமல், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

அவள் முதலில் குறித்துளையின் திருகைப் பிடித்தாள். அவர் பேச்சைக் கேட்டு வலது பக்கம் திருப்பியதையெல்லாம், க்ளிக் க்ளிக் என்று ஒவ்வொன்றாக, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். தட்டு அவரிடம் இருந்தது, அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. டப்பாவிலிருந்தே ஒரு குண்டை எடுத்தாள். போட்டாள், விரலால் தடவிப் பார்த்து மூடினாள். துப்பாக்கி மேலே போனது. கண் எரிந்தது, இமைத்துக்கொண்டாள். சிலை கொஞ்சம் ஆடத்தான் செய்தது. ஆடினது ஆடினபடி மெல்ல அடங்கியது. விசையை அழுத்தினாள்.

"பத்து புள்ளி மூணு," என்றாள். "வலது, மேல."

பின்னால் கோச்சம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்திருப்பார்.

"பத்து புள்ளி மூணு," என்றார் கோச்சம்மா. "வலது, மேல. அப்படியே இருக்கு. எதுக்குடி நீ வரலைன்ன?"

கை கெடவில்லை. கண் கெடவில்லை. இத்தனை நாளும் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்து நெஞ்சில் முட்டியிருக்க வேண்டும். அவள் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை.

துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்தாள். நாற்காலியைச் சுற்றி வந்து, கோச்சம்மாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து, திரையைத் தன் கண்ணால் பார்த்தாள். பத்து புள்ளி மூணு. வலது, மேல. ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் பார்த்தாள்.

கோச்சம்மாவின் முகம் சுருங்கியது. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் ஒரு புள்ளியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. "என்னடி, நான் சொன்னா நம்ப மாட்டியா?"

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சுவரோரம் நின்றவர் ஒரு அடி முன்னால் வந்தார், அவள் கையை உயர்த்தினாள், அங்கேயே நின்றுவிட்டார்.

"நம்புறேன் கோச்சம்மா," என்றாள். "இனிமே யார் சொன்னாலும் ஒருதரம் பார்த்துட்டுத்தான் நம்புவேன். தப்பா எடுத்துக்காதீங்க."